திருத்தணியில் வெளியே சாப்பிட 36 கைக்குறிப்புகள்

முருகனைப் பார்க்க வருகிறவர்கள் பூ, தேங்காய், கற்பூரம் என்று ஒன்று விடாமல் யோசித்து எடுத்து வருவார்கள். சாப்பாட்டை மட்டும் ‘அங்கே போய்ப் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுவார்கள். பசி முற்றிய பிறகு கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்தால் காசு கரையத்தான் செய்யும். இந்த ஊரில் நல்ல சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று தெரிந்தால் போதும். எங்கள் வீட்டில் கடைப்பிடிப்பதை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. சென்னையிலிருந்து அதிகாலை மின்சார ரயிலில் வருகிறவர்கள் காலை டிபனை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடலாம். சூடு ஆறிய இட்லியை நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியில் இரண்டு பக்கமும் புரட்டி வாழையிலையில் மடித்தால் மதியம்வரை தாங்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயில் ஏறுவதற்குள் ஊசிப்போய்விடும்.

2. மலைக்கு 365 படி. நெய் மிதக்கும் பொங்கலையும் வடையையும் முடித்துவிட்டு ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கும், கண்ணும் சொக்கும். இரண்டு இட்லி, அரை டம்ளர் காபியோடு ஏறுங்கள். பொங்கலை இறங்கி வந்து ஆற அமரச் சாப்பிடலாம்.

3. டிபன் கடையில் கடிகாரத்தைப் பார்த்து ஆர்டர் கொடுங்கள். ஏழு, எட்டு மணிக்கு இட்லியும் பொங்கலும் அடுப்பிலிருந்து நேராக இலைக்கு வரும். பத்தரைக்கு மேல் இட்லி ஆறியிருக்கும், பொங்கல் இறுகியிருக்கும். அப்போது தோசை, பூரி, ஊத்தப்பம் என்று சொன்ன பிறகு போடுகிற அயிட்டமாகக் கேளுங்கள். ஏறக்குறைய அதே காசுக்குச் சுடச்சுடக் கிடைக்கும்.

4. வடையைத் தட்டில் அடுக்கி வைத்திருக்கும் கடையைவிட, மாஸ்டர் அப்போதுதான் மாவைத் தட்டிப் போட்டுக்கொண்டிருக்கும் கடை மேல். எண்ணெய்ச் சட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். கறுத்து, மேலே நுரை கட்டி, போடாமலே புகைகிறது என்றால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். எண்ணெயில் கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அதில் பொரிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டமாகவே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நமக்குக் கண்ணும் மூக்கும் போதும்.

5. பஜ்ஜி, வடையை அச்சடித்த செய்தித்தாளில் வைத்துத் தந்தால் வாங்காதீர்கள். சூட்டிலும் எண்ணெயிலும் அச்சு மை பண்டத்தில் ஒட்டும். வீட்டிலிருந்து நாலு மந்தாரை இலையோ நறுக்கிய வாழையிலையோ கொண்டுபோனால் அதிலேயே வைக்கச் சொல்லலாம்.

6. காபி, டீயை ‘சர்க்கரை தனியா’ என்று கேட்டு வாங்கினால் ஒன்றை வாங்கி இரண்டு பேர் அவரவர் இனிப்புக்குக் குடிக்கலாம். காலி டம்ளர் ஒன்று கேட்டால் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் தருவார்கள். பேப்பர் கப்பைவிட வீட்டு எவர்சில்வர் டம்ளரில் வாங்கினால் சூடும் நிற்கும், அளவும் தெரியும்.

7. மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். கூட்டு, பொரியல், அப்பளம், பாயசம் எல்லாம் குறைவில்லாமல் வரும் நேரம் அதுதான். இரண்டரைக்குப் போனால் விலை மாறாது, பொரியல் தீர்ந்திருக்கும், ரசம் அடிமண்டியாக வரும்.

8. முழுச் சாப்பாட்டை ஒரே இலையில் இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள ஓட்டலில் விடமாட்டார்கள். அதற்குத்தான் பார்சல் சாப்பாடு இருக்கிறது. ஒரு பார்சலில் வைக்கும் சாதம் பெரும்பாலும் இரண்டு பேருக்குத் தாராளம். சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் எல்லாம் தனித்தனியாகக் கட்டித் தருவார்கள். பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் இரண்டு பார்சலும் ஒரு கப் தயிரும் வாங்கினால் மிச்சம்கூட ஆகும். பையில் நாலு எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி, விரிக்க ஒரு பழைய போர்வை இருக்கட்டும். நிழலாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இலையையும் கவரையும் நாமே எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட வேண்டும்.

9. வயதானவர்களுக்கு முழுச் சாப்பாடு வாங்கினால் பாதி இலையில் கிடக்கும். அளவுச் சாப்பாடு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் தயிர் சாதம், சாம்பார் சாதம் என்று கலந்த சாதமாக வாங்கிக் கொடுங்கள்.

10. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக ஊர் நம் பக்கம் வந்தாலும், காரம் பல கடைகளில் ஆந்திரா பக்கம்தான். குழம்பை விரல் நுனியில் தொட்டு ருசி பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பிசையுங்கள், ஒரு கப் தயிரை முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

11. மேசையில் ஜாடியில் இருக்கும் பருப்புப் பொடிக்கு வழக்கமாகத் தனிக் காசு கிடையாது. முதல் பிடி சுடு சாதத்தை அதில் பிசைந்தால் குழம்புக்குக் காத்திருக்க வேண்டாம். நெய்க்குச் சில இடங்களில் தனியாகப் போடுவார்கள், கேட்டுவிட்டு ஊற்றச் சொல்லுங்கள்.

12. கோங்குரா ஊறுகாயைச் சாப்பிட்டு ஆசைப்பட்டு உடனே பாட்டில் வாங்கிவிடாதீர்கள். அது நம் புளிச்சகீரைதான். நான்கு கட்டு கீரையை ஆய்ந்து ஈரம் போகத் துணியில் உலர்த்தி, நல்லெண்ணெயில் சுருள வதக்குங்கள். வறுத்த மிளகாய், வெந்தயம், பூண்டு, உப்போடு அரைத்துத் தாளித்தால், பாட்டில் விலைக்கு மூன்று மடங்கு தொக்கு வீட்டில் வந்துவிடும்.

13. பெசரட்டு போர்டில் இருந்தால் உப்புமா வைத்த பெசரட்டாகக் கேளுங்கள். ஒன்றே ஒருவருக்கு ஒரு வேளை டிபன். பிடித்துப்போனால் வீட்டிலும் செய்யலாம்: பச்சைப்பயறை நாலு மணி நேரம் ஊறவைத்து இஞ்சி, பச்சைமிளகாய், சீரகம் சேர்த்து அரைத்தால் போதும், மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டாம்.

14. பில்லை மடித்துப் பையில் போடுவதற்கு முன் படியுங்கள். ஏ.சி. ஹாலில் உட்கார்ந்தாலும் வெளியே உட்கார்ந்தாலும் சாதாரண ஓட்டலில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், 2017 நவம்பர் 15 முதல் இதே கணக்கு. காம்போசிஷன் முறையில் பதிந்த சின்னக் கடைகள் நம்மிடம் வரியே வாங்கக் கூடாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் தயங்காமல் கல்லாவில் கேளுங்கள்.

15. ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு வரி தானாக ஏறியிருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். ஓட்டல்கள் அதைக் கட்டாயமாகப் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. அந்தக் காசை ஓடியாடிப் பரிமாறிய சர்வர் கையில் நேராகக் கொடுத்துவிட்டு வாருங்கள், அவருக்கும் சந்தோஷம்.

16. ‘இன்னிக்கு ஸ்பெஷல் இருக்கு’ என்று சர்வர் சொன்னால் விலையை முதலில் கேளுங்கள். போர்டில் எழுதாத அயிட்டம்தான் பில்லில் தூக்கலாக நிற்கும். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

17. நாள் முழுக்க நாலைந்து தண்ணீர் பாட்டில் வாங்கினால் ஒரு வேளை டிபன் காசு அதிலேயே போய்விடும். ஆளுக்கு ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டு வாருங்கள், சாப்பிட்ட ஓட்டலில் சுடுதண்ணி கேட்டு மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள். வாங்கியே ஆகவேண்டுமென்றால் ரயில் நிலையத்தில் ‘ரயில் நீர்’ இருக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு லிட்டர் 14 ரூபாய்.

18. கடையில் வாங்கும் பாட்டிலில் மூடியின் சீல் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ‘கூலிங் சார்ஜ்’ என்று அச்சடித்த விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

19. சாம்பார் வாங்க ஒரு தூக்கு, பொரியலுக்கு ஒரு டப்பா பையில் இருந்தால் நிம்மதி. கொதிக்கும் சாம்பாரை பாலித்தீன் கவரில் கட்டுவது உடம்புக்கு ஆகாது, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடையும் இருக்கிறது. தூக்கைக் கொடுத்தால் கரண்டியைக் கொஞ்சம் தாராளமாகவே சாய்ப்பார்கள் என்பது என் அனுபவம்.

20. தள்ளுவண்டி, கையேந்தி பவனில் சாப்பிடத் தயங்க வேண்டாம், தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. அடிவாரத்தில் பூ கட்டுகிறவர்கள், ஆட்டோக்காரர்கள் தினமும் எந்த வண்டியில் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். தட்டு கழுவும் தண்ணீர் எப்படி இருக்கிறது, சட்னிக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். கல்லிலிருந்தும் அடுப்பிலிருந்தும் நேராக வருவதை மட்டும் வாங்குங்கள்.

21. வண்டிக்கடையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறைக்கு அலைய வேண்டும். பத்து, இருபது தாள்களாகத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிபேயில் அனுப்பினால் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் ஒருமுறை சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

22. தினப்படி கூட்டம் வேறு, கிருத்திகைக் கூட்டம் வேறு. ஆடிக் கிருத்திகையன்று காவடிகளோடு ஊரே நிரம்பி வழியும். டிசம்பர் 31 படித் திருவிழாவிலும் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றிக்கொண்டு ஏறுகிறவர்களால் அடிவாரம் திணறும். அந்த நாட்களில் ஓட்டலை நம்பவே வேண்டாம். கெட்டியாகக் காய்ச்சிய புளிக்காய்ச்சலில் நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறிய புளியோதரையும், வறுத்த அப்பளமும் கட்டிக்கொண்டு வாருங்கள். எலுமிச்சை சாதமும் தாங்கும். தயிர் சாதம் எடுத்துவருவதானால் பாலில் குழைத்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுப் பிசையுங்கள், சாப்பிடும் நேரத்துக்குப் பதமாக உறைந்திருக்கும்.

23. கிருத்திகை விரதக்காரர்கள் உட்காருவதற்கு முன்பே வெங்காயம், பூண்டு இல்லாத அயிட்டம் எது என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சாம்பாரில்தான் வெங்காயம் இருக்கும். இட்லியையும் வெண்பொங்கலையும் வெறும் தேங்காய்ச் சட்னியோடு வாங்கிக்கொண்டால் குழப்பமில்லை.

24. கோயிலிலேயே நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. சமயபுரம், திருச்செந்தூரோடு திருத்தணிக்கும் 2021 செப்டம்பரில் இந்தத் திட்டம் வந்தது. தரிசனம் முடித்த கையோடு போய் வரிசையில் நில்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் ‘இலவசமா?’ என்று தயங்கினால், அது முருகன் பிரசாதம் என்று சொல்லி அழைத்துப் போங்கள்.

25. பஞ்சாமிர்தம், லட்டு, முறுக்கு எல்லாம் தேவஸ்தான பிரசாதக் கடையிலேயே வாங்குங்கள். டப்பாவில் தயாரித்த தேதியைப் பார்த்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பஞ்சாமிர்த டப்பாவைத் துணிப்பைக்குள் போடாமல் தூக்குக்குள் நிறுத்தி வைத்தால் வழிந்தாலும் துணி பிழைக்கும்.

26. வெயில் காலத்தில் நுங்கை விடாதீர்கள். உரித்துக் குவித்து வைத்ததை வாங்காமல் காயை வெட்டி எதிரிலேயே எடுக்கச் சொல்லுங்கள். விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும், கல் மாதிரி இருந்தால் முற்றல். மேல்தோல் வரவில்லையென்றால் கொஞ்ச நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வையுங்கள். தோலைச் சீவி, நுங்கை நறுக்கி, நன்னாரி சர்பத்தில் போட்டால் ஃபலூடாவே வேண்டாம்.

27. இளநீர் வாங்கினால் வழுக்கை உள்ளதாகக் கேளுங்கள். தண்ணீரைப் பெரியவர்கள் குடிக்க, வழுக்கையைப் பிள்ளைகள் சாப்பிட, ஒரு காயில் இரண்டு பேர் பசி அடங்கும். வழிக்க ஒரு எவர்சில்வர் ஸ்பூன் கொண்டுபோங்கள்.

28. ரோஸ்மில்க், ஃபலூடா, ஜூஸ் கடைகளில் ‘ஐஸ் வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று நமக்குத் தெரியாது, டம்ளரில் பாதியை அதுதான் அடைத்தும் கொள்ளும். ஐஸ் இல்லாமல் கேட்டால் பால் கூடுதலாக வரும்.

29. மாம்பழ சீசனில் சித்தூர் பக்கத்துப் பழம் வண்டி வண்டியாக வந்து இறங்கும். நறுக்கி மிளகாய்த்தூள் தூவிய துண்டுகள் ஈ மொய்க்கக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். அதை விட்டு முழுக் கிளிமூக்கு மாங்காய் ஒன்று வாங்கிக் கழுவி, கண்ணெதிரே நறுக்கித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வாங்குவதானால் பங்கனப்பள்ளி.

30. ஐஸ்கிரீம் கப்பின் பக்கவாட்டில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று இருந்தால் அதில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு. அதே விலைக்கு ‘ஐஸ்கிரீம்’ என்றே அச்சடித்ததை வாங்கலாம். நாலு பேருக்கு நாலு கோன் வாங்குவதைவிட ஒரு ஃபேமிலி பேக்கும் நாலு ஸ்பூனும் மலிவு.

31. பிள்ளைகள் கலர் பஞ்சுமிட்டாய்க்கு அடம்பிடித்தால் இளகிவிடாதீர்கள். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கண்டுபிடிக்கப்பட்டு 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதற்குத் தடை போட்டது. பதிலுக்குக் கடலை மிட்டாய், பொரி உருண்டை, எள்ளுருண்டை வாங்கிக் கொடுங்கள், பசியும் தாங்கும்.

32. இனிப்புக் கடையில் பெட்டியோடு சேர்த்து எடை போட்டால் அட்டைக்கும் மைசூர்பாகு விலை கொடுக்கிறோம் என்று அர்த்தம். காலிப் பெட்டியைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு இனிப்பைப் போடச் சொல்லுங்கள், அதுதான் சட்டமும். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிவரை சாப்பிடலாம் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் விதி. பால் இனிப்பை அன்றைக்குத் தேவையான அளவும், ஊருக்குக் கொண்டுபோக அதிரசம், மைசூர்பாகு போன்றவற்றையும் வாங்குங்கள்.

33. ராத்திரி ரயிலுக்கு முன் பரோட்டா வாங்குவதானால் சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், ஊறினால் கூழாகிவிடும். ஷவர்மா, ரோல் வாங்கினால் மயோனைஸ் இல்லாமல் கேளுங்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டதே அதில் கிருமி சீக்கிரம் பெருகும் என்பதால்தான்.

34. மிச்சமான பார்சலை வீணாக்க வேண்டாம். இட்லியை உதிர்த்து உப்புமா, வடையை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து தயிர்வடை, இறுகிய பொங்கலில் சூடான பால் விட்டுக் கிளறினால் மறுபடி பொங்கல். சாம்பாரை வந்ததும் ஒரு கொதி விட்டு வையுங்கள். சட்னியை மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

35. கெட்டுப்போன பண்டத்தைக் கொடுத்துவிட்டுக் கடைக்காரர் காது கொடுக்கவில்லையென்றால் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பில்லையும் பண்டத்தையும் போட்டோ எடுத்து, தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். விலை, பில் தகராறுக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

36. பிறந்தநாள், கல்யாண நாளுக்கு ஓட்டலில் பெரிய விருந்து வைக்கிற எண்ணம் இருந்தால், அதில் ஒரு பகுதியை மலைக்கோயில் அன்னதானத்துக்கு எழுதி வையுங்கள். பணத்தை யார் கையிலும் கொடுக்காமல் தேவஸ்தான அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை தரிசனத்துக்குப் போகும்போது பணம் கட்டும் விவரத்தை அந்த அலுவலகத்திலேயே விசாரித்துப் பாருங்கள், சொல்வார்கள்.